கருகல் சொறியாத மத்தியானம்

எங்கள் நாய் கருகல் சொறியத் தொடங்கினால் கீழே கடையில் நிற்பவர்களுக்குக் கேட்கும். எங்கள் பேக்கரிக்கு மேலேதான் வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரு மரப்படிக்கட்டு, அது திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன மேடை. அங்கேதான் அவன் படுப்பான். பின்னங்காலைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் சொறியும்போது கால் பலகையில் இடித்து டக டக டகவென்று கடை முழுக்க அதிரும். கண்ணாடி அலமாரியில் அடுக்கிய பன்கள்கூட லேசாக நடுங்குவதுபோல எனக்குத் தோன்றும்.

"மாடியில கச்சேரி ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்பார் தினமும் வரும் தபால்காரர்.

"இன்னிக்கு உங்களுக்காகவே சீக்கிரம் ஆரம்பிச்சுட்டான்" என்பாள் அம்மா. கல்லாவுக்குப் பின்னால் நிற்கிற சிரிப்பு அது, உதட்டோடு நின்றுவிடும்.

அவனுக்குக் கருகல் என்று பெயர் வந்ததற்குக் காரணம் அவன் முதுகு. அடுப்பில் ஒரு நிமிஷம் அதிகம் இருந்துவிட்ட ரொட்டியின் மேல்தோல் நிறம். ஆனால் அந்த வருஷம் அந்த நிறமே பாதி போய்விட்டிருந்தது. அக்குள் இரண்டும் வழுக்கை. வயிறு சிவந்து, தொட்டால் சுட்டது. பாதங்களை நக்கி நக்கி ரோமம் துருப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. காதை மடக்கிப் பார்த்தால் ஈரத்துணியை மறந்து மூடி வைத்த வாசனை. கடித்துக்கொள்ளாமல் இருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் புனல். அதை மாட்டிக்கொண்டு அவன் கதவு நிலையில் முட்டுவான், நாற்காலியில் முட்டுவான், முட்டிய இடத்திலேயே அசையாமல் நிற்பான். தூரத்து நட்சத்திரம் எதிலிருந்தோ சேதி பிடிப்பதற்காக எங்கள் வீட்டில் நிறுத்திவைக்கப்பட்ட கருவி மாதிரி இருக்கும். சேதி வந்தபாடில்லை.

நாய் டாக்டர் பொறுமைசாலி. சீப்பால் வாரி, வெள்ளைத் துணியில் உதறி, முதலில் தெள்ளுப்பூச்சி இல்லை என்று உறுதி செய்தார். புண்ணில் இருந்த கிருமிக்கு மருந்து கொடுத்தார். பிறகு, "சாப்பாட்டுல எதாவது ஒத்துக்காம இருக்கலாம். கொஞ்ச நாளைக்கு நான் தர்ற டின் சாப்பாடு மட்டும். வேற எதுவும் வாயில படக்கூடாது. ரொட்டித் துணுக்குகூட" என்றார்.

பேக்கரியில் வளர்கிற நாய்க்கு ரொட்டித் துணுக்கு கிடையாது என்பது மீனிடம் தண்ணீர் குடிக்காதே என்பதுபோல. ஆனாலும் செய்தோம். அப்பா அடுப்பறைக் கதவுக்குக் குறுக்கே பலகை வைத்தார். அம்மா கடைத் தரையை நாளுக்குப் பலமுறை பெருக்கினாள். பலன் கிடைத்தது. புனலைக் கழற்றினோம். வயிற்றுச் சிவப்பு இறங்கி, மேடையில் கச்சேரி ஓய்ந்தது. டக டக கேட்காத காலைகளில் அம்மா தன்னையறியாமல் எதையோ முணுமுணுத்துப் பாடினாள்.

"நல்லது. இப்ப பழைய சாப்பாட்டைக் கொடுத்துப் பாருங்க. திரும்ப அரிச்சா அதுதான் எதிரி" என்றார் டாக்டர்.

கொடுத்தோம். திரும்ப அரித்தது, புனலும் கழுத்துக்குத் திரும்பியது. அது கோழி சேர்த்த உலர் தீனி. ஆக, கோழிதான் குற்றவாளி என்று தீர்ப்பானது. மீன் தீனி வாங்கினோம். அரிப்பு நிற்கவில்லை. ஆட்டிறைச்சித் தீனி வாங்கினோம். அதற்கும் நிற்கவில்லை.

"உலகத்துல இருக்கற எல்லாப் பிராணியும் இவனுக்குப் பகையா?" என்றாள் அம்மா.

இந்த இடத்தில் அப்பாவின் தொழிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ரொட்டி, கடையில் விற்கிற ஈஸ்டில் பொங்குவதில்லை. அப்பா தொழில் கற்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அங்கே கொடுத்த ஒரு பிடி புளித்த மாவில் பொங்குகிறது. அதை அவர் ஒரு பீங்கான் ஜாடியில் வளர்க்கிறார். தினமும் கொஞ்சம் எடுப்பார், எடுத்த அளவுக்குப் புது மாவும் தண்ணீரும் சேர்ப்பார், அடியிலிருந்து மேலே வரும்படி கிளறுவார். ஜாடி ஒருநாளும் காலியானதில்லை. அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அது இங்கே இருந்ததால் அதற்குப் பெயர் பெரியம்மா.

"உங்க பெரியம்மாவுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போகுது. எனக்கு ஒரு வாய் டீ போட்டுத் தர ஆள் இல்ல" என்பாள் அம்மா.

அப்பா ஜாடியைக் கிளறிக்கொண்டே இருப்பார். மாவு விஷயத்தில் அவருக்கு இரண்டே வேதவாக்கியங்கள். பழசு இல்லாமல் புதுசு எழாது. பாத்திரத்தைக் காலி பண்ணுகிறவன் ரொட்டிக்காரன் இல்லை.

புளித்த மாவோடு ஆயுள் முழுக்க வாழ்ந்தவருக்கு அது கையின் பழக்கமாகவே ஆகிவிட்டது. வீட்டில் உப்பு ஜாடி காலியானதில்லை. சர்க்கரை டப்பா காலியானதில்லை. இருப்பதன்மேல் புதிதைக் கொட்டி, ஒரு கிளறு. அதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைப்பு.

ஆட்டிறைச்சியும் தோற்ற பிறகு டாக்டர் தோல் சோதனை செய்தார். கருகலுக்கு மயக்க ஊசி போட்டுப் படுக்கவைத்து, விலாவில் ஒரு சின்னச் சதுரத்துக்கு ரோமத்தை மழித்து, வரிசையாகச் சொட்டுச் சொட்டாக மருந்தைக் குத்தினார். கொஞ்ச நேரத்தில் வெறும் தோலில் ஒரே ஒரு இடம் கொசு கடித்தாற்போல் வீங்கி எழுந்தது.

"கிடைச்சுட்டான்" என்றார் டாக்டர். "இது கோழியும் இல்ல, மீனும் இல்ல. மாவு உண்ணி. கண்ணுக்கே சரியா தெரியாத பூச்சி. பழைய மாவு, தானியம், நாய்க்குப் போடற உலர் தீனி, இதுலயெல்லாம் குடியிருக்கும். டின் சாப்பாட்டுல அது இருக்காது. அதான் அப்ப நல்லாயிட்டான். தீனியை வீட்டுல எப்படி வெச்சிருக்கீங்க?"

"தகர டிரம்மு. மூடி கல்லு மாதிரி இறுக்கம்" என்றார் அப்பா. "மாசா மாசம் புது மூட்டை வாங்கிக் கொட்டறேன்."

டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். அப்பா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"அப்ப வேற எங்கேயோ இருந்து வருது. நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

அப்பாவின் தலைமயிரிலும் புருவத்திலும் எப்போதும் போல் மாவு வெள்ளையாகப் படிந்திருந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"பேக்கரி" என்றேன் நான்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "மருந்து கொடுத்து அரிப்பை அடக்கலாம். ஆனா நாள் முழுக்க அதுக்கு நடுவுலயே இருந்தா..." என்று நிறுத்திவிட்டுக் கருகலின் தலையைத் தடவினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாமாவுக்குப் போன் செய்தாள். அம்மாவின் தம்பி. ஊருக்கு வெளியே காய்கறித் தோட்டம், இரண்டு நாய்கள், வெங்காய வாசனை அடிக்கும் ஒரு வேன். கருகல் என்றால் அவருக்கு உயிர்.

"மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன் அக்கா. ராஜா மாதிரி வெச்சுக்கறேன்" என்றார். போனுக்கு வெளியேயும் அவர் குரல் கேட்டது.

நான் அழுதேன். சின்னப் பிள்ளையா என்று கேட்காமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு மட்டும் கல்லு நெஞ்சா? நேத்து ஒரு அம்மா ரொட்டியைக் கையில எடுத்துட்டு, மேல இவன் சொறியற சத்தத்தைக் கேட்டுட்டு, பேசாம திரும்ப வெச்சுட்டுப் போயிட்டாங்க. அதைக்கூட விடு. மாவுதான் அவனுக்கு ஆகலைன்னா, மாவுக்குள்ளயே அவனை வெச்சுக்கறது பாசமா, பாவமா?"

ஆனால் அப்பா வேறொன்றில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"என் மாவுல பூச்சியா?" என்றார். சட்டையை மாற்றாமல் நேராகக் கிடங்குக்குப் போனார்.

வழக்கமாகவே லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையையும் அவர் வாயைப் பிரித்து மோந்து பார்த்துத்தான் வாங்குவார். உண்ணி விழுந்த மாவு புதினா வாசம் அடிக்குமாம். தித்திப்பும் பூஞ்சையும் கலந்த ஒரு புதினா. அன்று எல்லா மூட்டையையும் திரும்ப மோந்தார். சந்து பொந்தெல்லாம் தூரிகை விட்டுத் துழாவினார். அது போதாமல் சோதனையும் வைத்தார். அடுப்பில் வைக்கும் கருப்புத் தட்டுகளைப் பரப்பி, ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கை மாவெடுத்துக் கொட்டி, கத்தியால் பக்கங்களை வழவழவென்று சீவிவிட்டார். உண்ணி இருந்தால் அது உள்ளேயிருந்து நகர நகரச் சரிவு உடைந்துவிடும். இல்லாவிட்டால் சீவியது சீவியபடி நிற்கும்.

காலையில் எழுந்து கீழே போனேன். அடுப்பறைத் தரையில் வரிசையாக வெள்ளைக் குன்றுகள். ஏதோ ஒரு பனிநாட்டை மேகத்திலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. ஒரு குன்றிலும் ஒரு கீறல் இல்லை.

அப்பா படியேறி மேலே வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். கோட்டையைப் பிடித்தவர் நடை.

"ஒரு பொட்டுப் பூச்சி இல்ல. என் மாவு சுத்தம்" என்றார்.

"சரி, உங்க மாவு உத்தமி. சந்தோஷம்" என்றாள் அம்மா. மேடையில் டக டக டக. "அப்ப இவன் எதுக்குச் சொறியறான்? பொழுதுபோகலையா?"

"அது எனக்கென்ன தெரியும்? என் மூட்டையில இல்ல. அவ்வளவுதான்."

"ஊர்ல உள்ள மூட்டையையெல்லாம் மோந்து பாத்தாச்சு. படிக்குக் கீழ இருக்கே ஒரு தகர டிரம்மு, அதை மட்டும் ஏன் விட்டீங்க? அது உங்க பெரியம்மாவுக்குச் சீதனமா வந்ததா?"

"அது நாய் தீனிடி. அதுல என்ன மோந்து பாக்கறது? தொறந்தாலே நாறும்."

"நாய் தீனிக்கும் தானியத்தைத்தானே அரைச்சுப் போடறான்?"

கிண்டலுக்குத்தான் கேட்டாள். ஆனால் கேட்டு முடித்ததும் அவள் முகமே மாறியது. அப்பாவின் முகமும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படியிறங்கியதில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

டிரம் படிக்கட்டின் அடியில், அடுப்பின் பின்சுவரை ஒட்டி இருந்தது. எப்போதும் இளஞ்சூடு, எப்போதும் லேசான நீராவி. மாவு பொங்குவதற்கு வீட்டிலேயே மிக நல்ல இடம் அது. அப்பா மூடியைத் திறந்தார். மேலே இருந்தது ஆட்டிறைச்சித் தீனி, பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. அவர் தோள்வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க?"

"புதினா" என்றார்.

கருப்புத் தட்டு வந்தது. அவர் கையில் இருந்ததைக் கொட்டிக் கட்டிகளைப் பொறுக்கிவிட்டு, மிஞ்சிய தூளைக் குன்றாக்கிச் சீவினார். காலைவரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. அம்மா டீ போட்டு எடுத்து வந்தாள். நாங்கள் படியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாமல், காற்றும் இல்லாமல், குன்றின் ஒரு பக்கம் சரிந்தது. குனிந்து பார்த்தேன். தூசி மூச்சுவிட்டது. ஒவ்வொரு துகளும் இன்னொரு துகளைத் தள்ளிக்கொண்டு எங்கோ போய்க்கொண்டிருந்தது.

"மாசா மாசம் புதுசு வாங்கினேனே" என்றார் அப்பா மெதுவாக.

"வாங்கி?"

"பழசு மேல கொட்டினேன்."

"கொட்டி?"

"அடியிலேர்ந்து... நல்லா கிளறிவிட்டேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோழி, மீனு, ஆடு, எது வந்தாலும் பழைய பூச்சியைப் பிடிச்சுக் கலந்து விட்டிருக்கேன். அவனுக்குன்னு ஒரு தனிப் பெரியம்மாவையே வளர்த்திருக்கேன்டி!"

அம்மாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. அப்பா எங்களை முறைத்துப் பார்த்தார், பிறகு அவர் தோளும் குலுங்கியது. மேலிருந்து புனல் மாட்டிய தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

டிரம்மைக் கொல்லைக்கு உருட்டிக்கொண்டு போனோம். கவிழ்க்க வேண்டிய நேரம் வந்ததும் அப்பாவின் கை விளிம்பிலேயே நின்றது. ஒரு பாத்திரத்தை அடிவரை காலி செய்து அந்தக் கைக்குப் பழக்கமே இல்லை. நான் உதவப் போனேன். "தள்ளு, நானே பண்றேன்" என்று சொல்லி ஒரே மூச்சில் கவிழ்த்தார். அச்சிலிருந்து ரொட்டியை விடுவிக்க அடியில் தட்டுவாரே, அப்படி ஓங்கித் தட்டினார். மொத்தமும் பொதக்கென்று விழுந்தது. எவ்வளவு கிளறியும் அசையாமல் அடியில் அடையாக இறுகி, வெட்டிய கேக்கின் அடுக்குபோல, மேலே ஆடு, நடுவில் மீனின் சாம்பல் நிறம், அதற்கும் கீழே என்றோ தின்று முடித்ததாக நாங்கள் நினைத்த கோழி.

அப்பா டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார்.

"தீனி தீர்ந்ததும் டப்பாவைக் கழுவிக் காயவெப்பீங்கதானே?"

"தீர விட்டதே இல்ல டாக்டர்" என்றார் அப்பா பணிவாக.

டாக்டர் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. பிறகு எச்சரித்தார். "ரொம்பக் குதிக்காதீங்க. ஒவ்வாமை ஓடிப்போற வியாதி இல்ல, கட்டி மேய்க்கற வியாதி. ஒழுங்கா மேய்ச்சா உங்க வீட்டுலயே இருக்கலாம்."

அம்மா மாமாவின் வருகையை ரத்து செய்யவில்லை. "அவன் வரட்டும். அதுக்குள்ள இவன் தேறிட்டா பாக்கலாம். இல்லைன்னா வேன்ல ஏத்த வேண்டியதுதான். வாயில்லா ஜீவனை நம்ம ஆசைக்காக வதைக்கக்கூடாது" என்றாள்.

மேய்க்கத் தொடங்கினோம். சின்னப் பைகளில் தீனி வாங்கி, பிரித்த அன்றே பொட்டலங்களாகக் கட்டி உறைபெட்டியில் வைத்தோம். ஒரு கண்ணாடி ஜாடி; அது காலியாக வேண்டும், காலியானதும் கொதிநீரில் கழுவி, ரொட்டி எடுத்தபின் அடுப்பில் மிஞ்சும் சூட்டில் காயவேண்டும். முதல் தடவை ஜாடி காலியானபோது அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். வெறும் கண்ணாடியை முதல்முறை பார்க்கிறவர் மாதிரி. படுக்கை விரிப்புகள் சுடுநீருக்குப் போயின. வெளியே போய்வந்தால் அம்மா ஈரத்துணியால் பாதம் துடைப்பாள். "காலைக் காட்டுடா, துரை" என்பாள். காது என் பொறுப்பு.

குளியல் அப்பாவுக்கு. மருந்து ஷாம்பூவைப் போட்டதும் அலசிவிடக்கூடாது, தோலில் ஊறவேண்டும். அந்த நேரம் முழுக்க நாயை நிற்கவைப்பதுதான் யாராலும் முடியாத காரியம். நானோ அம்மாவோ பிடித்தால் அவன் உடம்பை உதறி நுரையைக் கூரைக்கு அனுப்புவான். அப்பாவோ பிசைந்த மாவைப் பொங்கவிட்டுக் காவல் இருந்தே பழகியவர். கருகல் மேல் ஈரத்துணியைப் போர்த்தி, ஒரு கையை முதுகில் வைத்து, அவசரமே இல்லாத குரலில் அன்றைய ரொட்டி எப்படி வந்தது என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். துணிக்குள்ளிருந்து ஒரு மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், அவமானப்பட்ட மூக்கு. ஆனால் அசையாது.

நடுவில் ஒருநாள் மழையில் நனைந்துவிட்டான். மறுபடி டக டக. டாக்டர் மாத்திரை எழுதினார், "மந்தையில ஒரு ஆடு தப்பி ஓடுச்சு. பிடிச்சுட்டு வாங்க" என்றார். பிடித்தோம். அடங்கியது. அதற்குப் பிறகு ஒரு காலையில் அவன் மல்லாந்து தூங்கும்போது பார்த்தேன். வயிற்றில், சிவப்பு இருந்த இடத்தில், பழத்தோல் மேல் இருக்கும் மெல்லிய பூம்பொடி போல ரோமம். அக்குளிலும். அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் மாவுக் கையோடு வந்து, தொடாமல், குனிந்து பார்த்து, "எழுந்துட்டுது" என்றார், ரொட்டியைச் சொல்வதுபோல.

கடைசி ஞாயிறு மத்தியானம் மாமாவின் வேன் கடை வாசலில் நின்றது. வரும்போதே கையில் புதுக் கழுத்துப்பட்டை, வாய் நிறையச் சிரிப்பு.

"எங்கே என் ஆளு? என்ன மருமகளே, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

எல்லோரும் படியில் உட்கார்ந்தோம். மாமா கையில் டீ. கருகல் மேடையில் படுத்திருந்தான். புனல் இல்லை. நான் அவனுடைய பின்னங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அதையே பார்க்கிறாள் என்று தெரிந்தது. மாமா வெங்காய விலை, மோட்டார் ரிப்பேர் என்று பேசிக்கொண்டே போனார். யார் காதிலும் விழவில்லை.

கருகல் எழுந்தான். ஒரு சுற்றுச் சுற்றினான். பின்னங்காலைத் தூக்கினான்.

அப்பாவின் டீ பாதி வழியில் நின்றது. அம்மா என் கையைப் பிடித்தாள், வலித்தது.

கால் மெல்ல மெல்லப் பின்னால் நீண்டது, விரல்கள் விசிறிபோல் விரிந்தன. வாய் குகை மாதிரி திறந்து ஒரு கொட்டாவி. நீளமாக ஒரு சோம்பல். அப்புறம் பொத்தென்று படுத்து, பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனான்.

"இவனையா அக்கா கூட்டிட்டுப் போகச் சொன்னே?" என்றார் மாமா. "முடி பளபளங்குது. என்னைவிட நல்லா இருக்கானே!"

"உன்னைவிட நல்லா இருக்கறது ஒரு பெரிய விஷயமாடா?" அம்மாவின் குரல் உடைந்து, அதை மறைக்க அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அதெல்லாம் சரி. நான் இவனுக்குன்னு கொட்டகை கட்டி, வைக்கோல் மெத்தையெல்லாம் போட்டு வெச்சிருக்கேனே?"

"நீயே போய்ப் படுத்துக்கோ. என் புள்ளை எங்கேயும் வரமாட்டான்."

"பாத்தீங்களா மச்சான், அக்கா கட்சி மாறிட்டா!"

"அவ கட்சிதான் மாப்ளே எப்பவும் ஜெயிக்கும்" என்றார் அப்பா. "அந்த டிரம்மை மோந்து பாக்கச் சொன்னதே அவதான்."

மாமாவை வழியனுப்ப வாசலுக்கு வந்தோம். அவர் வேன் கதவைத் திறந்ததுதான் தாமதம், கருகல் எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து ஒரே தாவலில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான். நேராகக் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தான்.

"ஆகா! ராஜா முடிவு பண்ணிட்டாரு!" என்று மாமா கைதட்டினார்.

"டேய், இறங்குடா" என்றாள் அம்மா. அவன் காதைக்கூட அசைக்கவில்லை. இழுத்தால் உடம்பைக் கல்லாக்கிக்கொண்டான். அம்மா இடுப்பில் கைவைத்து ஒரு கணம் யோசித்தாள். பிறகு தானும் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"ஓட்டுடா. தெருவை ஒரு சுத்து சுத்திட்டு இங்கேயே கொண்டு வந்து விடு. நீங்களும் ஏறுங்க, என்ன வேடிக்கை?"

நானும் அப்பாவும் பின்னால் காலி வெங்காயக் கூடைகளுக்கு நடுவே ஏறினோம். அப்பா ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. வேன் கிளம்பியது. மாமா தேவையில்லாமல் ஹாரன் அடித்தார். முன்ஜன்னலில் கருகலின் தலை வெளியே நீண்டிருந்தது, காதுகள் இரண்டும் காற்றில் பின்னால் மடிந்து, உட்புறம் ரோஜா நிறத்தில் சுத்தமாகத் தெரிய. மருந்துக்கடைக்காரர் பார்த்தார். சைக்கிள் கடை வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். முடிவெட்டும் கடையிலிருந்து பாதித் தலையோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். அம்மா எல்லோருக்கும் ஒரு ராணியைப்போலத் தலையசைத்துக்கொண்டே வந்தாள்.

மூலை திரும்பியதும் எங்கள் கடை மறுபடி தெரிந்தது. மாமா வேகத்தைக் குறைத்தார்.

"எதுக்குடா நிறுத்தற?" என்றாள் அம்மா. "இன்னொரு சுத்து போ."